வழி தப்பிய பறவையும் வழி கேட்டு வந்த கூட்டமும்

அன்புள்ள ஐயா,

பறவை பார்க்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. சென்ற மாதம் அரிய பறவை ஒன்று வந்திருப்பதாகக் குழுவில் செய்தி வந்தது. இரவோடு இரவாகக் கிளம்பினேன். எனக்கு முன்பே அறுபது பேர் அங்கே நின்றிருந்தார்கள். ஐந்து மணி நேரம் காத்திருந்த பிறகு பறவை புதரிலிருந்து வெளியே வந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. கேமராக்கள் சடசடத்தன. பாதிப் பேர் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. திருவிழாவில் தொலைந்துபோன குழந்தையைச் சுற்றி நின்று படம் எடுத்த மாதிரி. இது பறவை மேல் உள்ள அன்பா, பார்த்த பறவைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வெறும் பட்டியல் வெறியா? இனி இப்படிப் போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போகலாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். மற்றதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

பட்டியல் வெறி என்கிறீர்கள். வெறிதான், மறுக்கவில்லை. ஆனால் அது கேமராவோடு பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அரிய பறவையைப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுட்டு, பஞ்சடைத்து, மேசைமேல் வைக்க வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓர் உண்ணிக்கொக்கு தென்பட்டது. ஆமாம், மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் அதே உண்ணிக்கொக்குதான். அங்கே அன்று அது அதிசயம். பறவை அறிந்தவர்களே அதைச் சுட்டு ஆவணமாக்கினார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லமாட்டேன், அன்றைய வழக்கம் அது. அந்த வரிசையில் வந்தவர்கள்தான் நாமும். துப்பாக்கி இருந்த தோளில் டெலிபோட்டோ லென்ஸ் தொங்குகிறது. உங்கள் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

அந்தக் கொக்கின் கதை அங்கே முடியவில்லை. அதன் முன்னோர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்கள். 1953-இல் ஃபுளோரிடாவில் உண்ணிக்கொக்கின் கூடுகளையே கண்டார்கள். இன்று அங்கே அதற்காக யாரும் பைனாகுலரைத் தூக்குவதில்லை. எனவே தொலைந்துபோன குழந்தை என்ற உங்கள் உவமை பாதிதான் பொருந்தும். வழி தப்புகிறவற்றில் சில புது ஊரில் குடியேறியும்விடுகின்றன.

மீதிப் பாதி பொருந்துகிறது. சிறு பறவைகள் பலவும் முதல் வலசையைத் தனியாகவே பறக்கின்றன, அப்பா அம்மா கூட்டிப்போவதில்லை. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த எழுத்தில் ஒரு பிழை நேர்ந்தாலோ, நடுவழியில் ஒரு புயல் தூக்கி வீசினாலோ குஞ்சு வேறு கண்டத்தில் கண் விழிக்கிறது. 1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கோல்டன்-விங்டு வார்ப்ளர் அப்படித்தான் வந்து நின்றது. வட அமெரிக்கப் பறவை, எடை பத்து கிராமுக்குள்தான். அதைப் பார்க்க ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்தத்திலும் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். காய்கறி வாங்க வந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரிந்திருக்காது.

2018-இல் ஒரு கிரேட் பிளாக் ஹாக் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் மெய்ன் மாநிலத்துக்கு வந்தது. மெக்ஸிகோ முதல் தென் அமெரிக்கா வரை வாழும் வெப்பமண்டலப் பருந்து அது. போர்ட்லண்ட் நகரப் பூங்காவில் அணில் பிடித்துத் தின்றுகொண்டு, பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல், குளிர்காலத்தைப் பாதி தாண்டிவிட்டது. 2019 ஜனவரியில் பனிப்புயல் அடித்தபோது தரையில் விழுந்து கிடந்தது. கால்கள் பனியில் கருகிவிட்டன. எடுத்துப்போய் மருத்துவம் பார்த்தும் பயனில்லை, கருணைக்கொலை செய்தார்கள். அந்தப் பருந்தைக் கொன்றது கூட்டமில்லை. கூட்டம் இல்லாவிட்டாலும் அது அங்கே இறந்திருக்கும், யாருக்கும் தெரியாமல்.

அதற்காகக் கூட்டத்தால் கெடுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. கடலைத் தாண்டி வந்த சிறு குருவி கொழுப்பைத் தீர்த்து, தசையையும் எரித்துவிட்டு வந்திருக்கும். பகல் முழுக்கத் தின்றால்தான் இரவைத் தாண்டும். நன்றாகப் படம் எடுக்க வேண்டுமென்று புதரைத் தட்டிக் கிளப்பினால் அதன் சாப்பாட்டைப் பிடுங்கியதாகத்தான் அர்த்தம். அதன் குரலை ஸ்பீக்கரில் போட்டு வெளியே இழுப்பதும் அப்படியே. கூட்டத்தின் அளவை நான் பார்ப்பதில்லை. பறவை இரை தேடுகிறதா, நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். நிமிர்ந்துவிட்டதென்றால் நாம் ஏற்கெனவே பத்தடி அதிகம் போய்விட்டோம். (கூட்டில் இருக்கும் பறவை என்றால் பேச்சே வேறு. அங்கே போகவும் கூடாது, இடத்தை யாருக்கும் சொல்லவும் கூடாது.)

கிளம்பிப் போன பாதிப் பேர் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. அரிசோனாவில் பாட்டகோனியா என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோர ஓய்விடம் ஒன்று உண்டு. அபூர்வப் பறவை ஒன்றைப் பார்க்க அங்கே போனவர்கள், காத்திருந்த நேரத்தில் இன்னொன்றைக் கண்டார்கள். அதைப் பார்க்க வந்தவர்கள் மூன்றாவதைக் கண்டார்கள். பறவை பார்ப்பவர்கள் இதற்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். லைஃபர், அதாவது வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவை, கிடைத்ததும் வண்டிச் சாவியைத் திருகுகிறவர்களுக்கு இது வாய்க்காது.

நானும் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பிலிருந்து சட்டென்று விலகி, "நீங்க பாருங்க, சீக்கிரம்" என்று என்னை உள்ளே தள்ளினார். கண்ணாடியில் அவர் மூச்சின் ஈரம் இன்னும் இருந்தது. அது விலக விலக ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. ஒரு காய்ந்த இலையை அலகால் புரட்டியது, அடியில் ஒன்றும் இல்லை, அடுத்த இலைக்குப் போனது. பட்டியலில் அது எத்தனையாவது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது இலையில் ஒரு புழு கிடைத்தது, அது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். அறுபது பேர் இருக்கிறார்கள், ஐந்து மணி நேரம் இருக்கிறது, கேமராச் சத்தம் இருக்கிறது, உங்கள் கூச்சமும் இருக்கிறது. பறவையைக் காணோம். இடத்தைச் சொல்லாதது சரி, நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன். ஆனால் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

அப்புறம் ஒருநாள் நேரம் கிடைக்கும்போது அந்த அரை நிமிடத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். புதரிலிருந்து நடந்து வந்ததா, தத்தி வந்ததா? வாலை ஆட்டியதா? எதையாவது தின்றதா?

அன்புடன்.