விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்துகொண்டால் மன அழுத்தம் சரியாகிவிடுமா?

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாப் போயிடும்" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தீர்ப்பு வந்த கையோடு அம்மா, பெரியம்மா, கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மறுமணம் கூடாது என்பதல்ல என் கட்சி. மன அழுத்தம் போக வேண்டும் என்பதற்காகவே செய்துகொள்ளாதீர்கள், முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள் என்கிறேன்.

கல்யாணமானவர்கள்தான் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சராசரியில் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் மனநலம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் கல்யாணம் அமைவதும் நிலைப்பதும் சுலபம். அதைக் கழித்துப் பார்க்க வேண்டாமா? தினமும் சண்டையும் அவமதிப்புமாக ஓடும் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்பதும் ஆய்வில் வந்ததுதான். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் எந்த வாழ்க்கை நிகழ்வு எவ்வளவு மன அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73. கல்யாணத்துக்கே 50 உண்டு. நல்ல காரியமும் மனசை அலுக்க வைக்கும் என்று வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியது அந்தப் பட்டியல்தான்.

முதல் கணவர் வீட்டில் மன அழுத்தத்துக்கான மாத்திரை அட்டையைப் பழைய துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருப்பேன். பிதுக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவேன். பிரிந்த பிறகு தூக்கம் திரும்ப வந்தது. அதற்காக விவாகரத்துதான் தீர்வு என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். தனிமை என்னைப் பாடாய்ப் படுத்தியது, சிகிச்சையும் நீண்ட நாள் தொடர்ந்தது.

இப்போதைய துணைவரைச் சந்தித்தது அதற்கெல்லாம் பிறகு. பதிவுத் திருமணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் சேர்ந்தே வாழ்ந்தோம். திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை இன்று மேசை மேல், அவர் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தீரப்போகிறது என்றால் "வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பதிவு செய்ததால் என் மனநிலை மாறவில்லை. ஆஸ்பத்திரியில் "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்ற கேள்விதான் நின்றது.

சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'திருமண நிலை' என்று ஒரு கட்டம். நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவதற்கு நான் விவாகரத்தானவளா, மறுமணமானவளா என்பது எதற்குத் தெரிய வேண்டும்? காலியாக விட்டால் கவுன்டரில் இருப்பவர் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகக் கேட்கிறார். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம், பசி, வேலையில் கவனம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பிறகு யாரையாவது பிடித்துப்போனால், சிகிச்சை எடுப்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் உங்களுக்கு வேண்டாம்.