பராக்கும் வறட்சியும்: அன்றாட செபம் பற்றிச் சில கேள்விகள்

அன்றாட செபவாழ்வு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் ஒரு குடும்பத்தலைவி. மனச்சான்று தொடர்பான சிக்கல்களைப் பங்குத்தந்தையிடம் நேரில் பேசுவதே நல்லது.

கேள்வி (செவிலியர், திருச்சி): அம்மா, எனக்கு மாறி மாறி இரவுப் பணி. வீட்டில் எட்டு மணிக் குடும்பச் செபமாலைக்குப் பாதி நாள் நான் இருப்பதில்லை. செபத்தையே விட்டுவிட்டவளைப் போல மாமியார் பார்க்கிறார்.

எட்டு மணி என்பது உங்கள் வீட்டு வழக்கம், திருச்சபையின் சட்டம் அல்ல. மாமியாரிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம். வீட்டில் இருக்கும் நாளில் நீங்களே முன்நின்று செபமாலையைத் தொடங்குங்கள். மனத்தாங்கல் பாதி குறைந்துவிடும்.

பணி நாளுக்கு மூவேளைச் செபத்தின் முறை உதவும். காலை, நண்பகல், மாலை என வேலையின் நடுவே சற்று நின்று செபிப்பதற்காக ஏற்பட்டதுதான் அது. உங்களுக்குப் பொழுது மாறுகிறது. ஆனால் சீருடை அணியும் நேரமும், பணியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரமும் மாறுவதில்லை. அந்த இரண்டு இடத்திலும் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கள். இடையில், சொட்டு மருந்துக் குப்பியை மாற்றும்போது அந்தக் கட்டிலில் இருப்பவரின் பெயரை மனதுக்குள் ஆண்டவரிடம் சொன்னால் போதும். பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு: 1691), பாத்திரங்களுக்கு நடுவிலும் கோவிலில் இருப்பதைப் போலவே இறைவனோடு இருந்தவர்.

கேள்வி (மதுரை): செபமாலையில் ஒரே பராக்கு. மாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் கடன் தவணையும் பிள்ளையின் கட்டணமும் வந்துவிடுகின்றன.

வரட்டும். அவற்றையே அந்தப் பத்து மணிகளின் வேண்டுதல் கருத்தாக ஒப்புக்கொடுத்துவிடுங்கள். ஐந்து பத்தும் ஓடவில்லை என்றால் ஒரு பத்தை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குரிய மறைபொருளில், அதாவது அந்தப் பத்தில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியில், ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 2002இல் சேர்த்த ஒளியின் மறைபொருள்களில் கானாவூர்த் திருமணம் இருக்கிறது. திராட்சை இரசம் தீர்ந்துபோன வீட்டுப் பற்றாக்குறையை மரியா மகனிடம் சொன்ன இடம் அது. உங்கள் கடன் தவணைக்கு அங்கே இடம் இல்லாமலா போகும்?

கேள்வி (ஆசிரியை, தூத்துக்குடி): முன்பெல்லாம் நற்கருணை (இயேசுவின் உடலாக நாம் வணங்கும் அப்பம்) முன் அமர்ந்தாலே கண்ணீர் வரும். இப்போது பல மாதங்களாக ஒன்றுமில்லை, மரம் போல உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏதாவது பாவத்தில் இருக்கிறேனா? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உடலைப் பாருங்கள். தூக்கம் இருக்கிறதா, துக்கம் ஏதேனும் உள்ளே தேங்கிக் கிடக்கிறதா, இரத்தசோகை உண்டா? மருத்துவரிடம் போகவேண்டியதற்குச் செபத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. தெரிந்தே சுமக்கும் பகையோ பொய்யோ இருந்தால் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் இது செபத்தில் வரும் வறட்சி, புனிதர்களுக்கும் வந்தது. அவிலா புனித தெரேசா, மடத்தில் செப வேளை எப்போது முடியும் என்று மணி ஒலிக்காகக் காத்திருந்த காலம் உண்டு என்று தாமே எழுதியிருக்கிறார். அவர்தான் பின்னாளில் செபத்தின் ஆசிரியராக, திருச்சபையின் பேராசான் என்று பொருள்படும் மறைவல்லுநர் பட்டம் பெற்றவர்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ என்ற நூலில் இதற்கு இரண்டு தெளிவான அறிவுரைகள் உள்ளன. வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பது ஒன்று. எழுந்து ஓடத் தோன்றும்போது குறித்த நேரத்துக்கு மேல் சற்றுக் கூடுதலாக இரு என்பது மற்றொன்று. நீங்கள் இருபது நிமிடம் அமர்பவர் என்றால் இருபத்தொன்றாவது நிமிடத்தில் எழுந்திருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் உணர்ச்சி எதுவும் வராமல் போகலாம். ஆனால் கண்ணீருக்காகவா அவருக்காகவா வந்தோம் என்பது அங்கே தெளிவாகும்.

சொற்கள் வராவிட்டால் திருப்பாடல் 88ஐ வாசியுங்கள். அது ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படியும் அது செபம்தான். கெத்சமனியில் இயேசுவும் மறுபடி போய் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மாற்கு எழுதுகிறார். புதிய சொல் தேட அவசியமில்லை.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவரும் நாளில் மருந்து, கஞ்சி எல்லாம் அந்த நேரத்தில்தான். நற்கருணை வாங்குமுன் காக்கவேண்டிய ஒரு மணி நேர நோன்பு முறிந்துவிடுகிறதே?

தண்ணீரும் மருந்தும் எவருக்கும் நோன்பை முறிப்பதில்லை. முதியோர், நோயுற்றோர் மட்டுமல்ல, அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் (எண் 919) சொல்கிறது. நீங்களும் அதில் அடக்கம். அம்மாவுக்கு நிம்மதியாகக் கஞ்சி கொடுங்கள்.

கேள்வி (கடை ஊழியர், கோவை): இரவு ஆன்ம சோதனை செய்யச் சொன்னார்கள். பாவங்களை எண்ணி எண்ணித் தூக்கம்தான் போகிறது.

தொடக்கத்தை மாற்றுங்கள். இஞ்ஞாசியார் முறையில் முதல் படி நன்றி. மழையில் கடை வாசலில் ஒருவர் குடைக்குள் இடம் கொடுத்தார், மதியச் சோறு சூடாக இருந்தது: இப்படி உருப்படியாகச் சொல்லுங்கள். பிறகு தூய ஆவியிடம் வெளிச்சம் கேட்டு, அன்றைய பொழுதை மணிவாரியாகத் திரும்பிப் பாருங்கள். நாலு மணிக்குச் சில்லறை எண்ணத் தடுமாறிய பெரியவரிடம் எரிந்து விழுந்தீர்களா? அந்த முகத்தில் நில்லுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். நாளை அவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒன்றே ஒன்றைத் தீர்மானித்துவிட்டுப் படுங்கள். பத்து நிமிடம் போதும். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை மறுபடி கிளற வேண்டாம்.

கேள்வி: ‘இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அழிக்கப் பயமாக இருக்கிறது.

அழித்துவிடுங்கள். பயமுறுத்தி நடத்தும் பக்தி மூடநம்பிக்கை.

கேள்வி: விவிலியத்தை எங்கிருந்து தொடங்குவது? தொடக்கநூலிலிருந்து ஆரம்பித்து லேவியரில் நின்றுவிட்டேன்.

மாற்கு நற்செய்தி. 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி மட்டும், வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். ஏதாவது ஒரு வரி உங்களை நிறுத்தினால் அங்கேயே நின்று, அதைக் குறித்து அவரிடம் பேசுங்கள். அடுத்த நிகழ்ச்சியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். மாற்கு முடிந்த பிறகு லூக்காவுக்குப் போங்கள், லேவியர் காத்திருக்கும்.