வரையத் தெரியாதவர் காட்சிப் பண்பாடு படிக்கலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கிறேன். விளம்பரங்களும் செய்திப் படங்களும் மனிதர்களின் எண்ணத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிய ஆர்வம் உண்டு. ஆனால் வரையத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் காட்சிப் பண்பாடு படிக்கலாமா? கலை வரலாற்றிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். செய்முறைத் தாள்களையும் சேர்த்துக் கற்பிக்கும் சில பாடத்திட்டங்களைத் தவிர்த்தால், இது படம் உருவாக்கும் பயிற்சியன்று; உருவான படங்களை ஆராய்ந்து எழுதும் துறை. கடினமான கட்டுரைகளை வாரந்தோறும் வாசிக்கவும், வாசித்ததை வாதமாக எழுதவும் மனம் ஒப்புமா என்பதையே நீங்கள் யோசிக்க வேண்டும்.

கலை வரலாறு நெடுங்காலமாக ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டிருந்தது. காட்சிப் பண்பாடு அவற்றோடு வரைபடம், எக்ஸ்ரே, சுவரொட்டி, கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகியவற்றையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கிய முனைவர் பட்டத் திட்டம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

துறையின் கேள்விமுறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து, ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவில் எடுக்கப்பட்ட முழுப் பூமியின் ஒளிப்படத்தை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். எடுத்தபோது அதில் தென் துருவம் மேற்பக்கம் இருந்தது. பின்னர், நமக்குப் பழகிய உலக வரைபடத்தைப் போல வடக்கு மேலே வருமாறு திருப்பி வெளியிட்டார்கள். விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை என்னும்போது, அந்தத் திருப்பம் யாருடைய பார்வைப் பழக்கத்துக்கு இடங்கொடுத்தது? ஒருவர் அழுத்திய பொத்தானுக்கு மூன்று விண்வெளி வீரர்களின் பெயரையும் நாசா குறிப்பிடுவதால், படைப்பாளி என்ற கருத்து என்னாகிறது? அரசின் விண்வெளித் திட்டத்தில் பிறந்த படம் சுற்றுச்சூழல் இயக்கங்களின் சின்னமானது எப்படி? படத்தின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே இத்தனை கேள்விகளை எழுப்ப முடிகிறது. விடை காண ஆவணக் காப்பகத்தையும் பழைய இதழ்களையும் புரட்டியாக வேண்டும்.

புரட்டாமல் எழுதுவதுதான் இத்துறை மாணவர்களிடம் நான் அதிகம் காணும் குறை. 'அதிகாரம்', 'பிரதிநிதித்துவம்' (ஒருவரையோ ஒன்றையோ படம் எவ்வாறு காட்டுகிறது என்பது) என்ற சொற்கள் கைக்கு வந்தவுடன் எந்தப் படத்துக்கும் ஒரே விளக்கத்தை எழுதிவிடுகிறார்கள். 1996-இல் 'அக்டோபர்' என்ற ஆய்விதழ் நடத்திய கருத்துக்கேட்பிலேயே, இப்புதிய துறையில் வரலாறு பின்தள்ளப்படுகிறதா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. அந்த ஐயம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆகையால், வரலாற்றுத் தாள் ஒன்றும் காப்பகப் பயிற்சியும் இல்லாத பாடத்திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேருவதற்கு முன் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஏதேனும் ஒரு செய்திப் படத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும், பொருள் கூறாமல், இரண்டு பக்கம் எழுதுங்கள்: எது வெட்டப்பட்டிருக்கிறது, ஒளி எப்பக்கமிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் குறியுங்கள். பிறகு, அதே படம் வேறோர் இதழில் எந்தத் தலைப்புடன் வந்தது என்று தேடுங்கள். இவ்வேலை உங்களுக்குச் சலிப்பூட்டினால், காட்சித் தொடர்பியல் போன்ற செய்முறைப் படிப்பு பொருத்தமாக இருக்கலாம்.

வேலையைப் பொறுத்தவரை, அருங்காட்சியகம், படக் காப்பகம், பதிப்பகம், ஊடக ஆய்வு ஆகியவை வழக்கமான வழிகள். பட்டம் மட்டும் போதாது, ஆவணங்களைப் பட்டியலிடும் திறனோ இன்னொரு மொழியோ கூடவே வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதை முதுகலையில்தான் தனிப் பட்டமாக வழங்குகின்றன என்பதால், இளங்கலைக்குக் கலை வரலாறு, ஊடகவியல், திரைப்பட ஆய்வு ஆகிய துறைகளின் பாடப் பட்டியலிலும் தேடுங்கள். விண்ணப்பிக்குமுன், இறுதியாண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்கு உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதை அறிமுகக் கையேட்டைவிட அத்தலைப்புகள் தெளிவாகக் காட்டும்.