வருஷா வருஷம் எடை குறைக்கணும், மலை ஏறணும்னு முடிவு எடுத்து பாதியிலயே விட்டுடறேன். நிஜமாவே முடிச்சவங்க எப்படி முடிச்சீங்க?

நானும் ரெண்டு வருஷம் விட்டவன்தாங்க, மூணாவது வருஷம்தான் முடிச்சேன். அதனால விட்ட கதையத்தான் முதல்ல சொல்லணும், முடிச்ச கதை அதுக்குள்ளயே இருக்கு.

எனக்கு 43 வயசு. பெருந்துறை பக்கம் வீடு, நூல் வியாபாரம் பண்ற ஆபீஸ்ல வேலை, வாரத்துல நாலு நாள் திருப்பூர், கரூர்னு வசூலுக்கு சுத்தணும். சுத்தறதுன்னா நடக்கறது இல்ல, பைக்லயும் பஸ்லயும் உக்காந்துட்டே சுத்தறது. எங்க பக்கம் பேக்கரின்னாலே டீக்கடைதான், போற எடத்துல எல்லாம் பார்ட்டி "வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டு பேசுவோம்"னு கூட்டிட்டு போயிடுவாங்க, வேண்டாம்னா பணம் வராதுங்கற பயம் வேற. அப்படியே ஒரு நாளைக்கு அஞ்சு டீ, கூட ரெண்டு முட்டை பப்ஸ், சாயங்காலம் ஒரு தேங்கா பன். ஒரு நாள் சும்மா கணக்கு போட்டேன், டீக்கு ரெண்டு ஸ்பூன்னு வெச்சாலே பத்து ஸ்பூன் சக்கரை, 40 கிராமுக்கு மேல. 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு இந்த மாதிரி சேர்த்துக்கற சக்கரை 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நான் டீயிலயே கிட்டத்தட்ட முடிச்சுட்டேன், பன் தனி.

2023 ஜனவரியில எடை 86, உயரம் 170 சென்டிமீட்டர். மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 6.2 வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5 தொட்டா சுகர்னு டாக்டர் சொன்னாரு. நம்ம ஊர் உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு சொல்ற கணக்கு, 23 தாண்டுனாலே அதிகம், 25 தாண்டுனா உடல் பருமன்தான்னும் சொன்னாரு, எனக்கு கிட்டத்தட்ட 30. வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரியே டைரியில பெருசா எழுதுனேன், "டிசம்பருக்குள்ள 15 கிலோ குறைக்கணும்".

அந்த வருஷம் ஐநா சபை அறிவிச்ச சர்வதேச சிறுதானிய ஆண்டு வேற, எங்க பார்த்தாலும் தினை, சாமை, குதிரைவாலி. நானும் அஞ்சு அஞ்சு கிலோ வாங்கிப் போட்டேன். காலைல தினைப் பொங்கல் நெய்யோட, மத்தியானம் சாமை சோறு, ராத்திரி கம்பு தோசை ஆறு. ஆறு தோசைங்க! கம்பு தானேன்னு ஒரு தைரியம். மூணு மாசத்துல ஒன்றரைக் கிலோ ஏறிருச்சு. எங்கம்மா அடுப்படியில இருந்தே சொன்னாங்க, "நாங்க கம்மஞ்சோறு தின்னப்போ பொழுதுக்கும் காட்டுல வெட்டுனோம் சாமி, நீ ஃபேனுக்கு கீழ உக்காந்துட்டு தின்னா அது எங்க போகும்?" டாக்டருக்கு 500 ரூபா கொடுத்து கேட்டதை விட இது தெளிவா இருந்துச்சு. சிறுதானியம் தப்புன்னு சொல்ல வரல, நார்ச்சத்து இருக்கு, வயிறு சீக்கிரம் நெறையும், ஆனா அதுவும் மாவுச்சத்துதான், அளவு இல்லாம தின்னா அரிசிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்னும் இல்ல. ஜூன்ல டைரியவே பீரோக்குள்ள வெச்சுட்டேன்.

2024 மார்ச்ல ஆபீஸ் பசங்க வெள்ளியங்கிரி போறோம் வர்றீங்களான்னாங்க. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கோயமுத்தூருக்கு மேற்க பூண்டியில இருந்து ஏழு மலை தாண்டி மேல சுயம்பு லிங்கத்தைப் பார்க்கப் போறது, ஒரு பக்கம் சுமார் 6 கிலோமீட்டர், பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் விடுவாங்க, வெயிலுக்கு பயந்து பெரும்பாலும் ராத்திரியில ஏறுவாங்க. ஆறு கிலோமீட்டர் தானேன்னு நெனச்சேன். போற வழியில ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு பத்து மணிக்கு ஏற ஆரம்பிச்சோம். முதல் மலையே செங்குத்தா கல் படிங்க, ஒவ்வொரு படியும் ஒரு அளவு, ஒன்னு முழங்கால் ஒசரம், அடுத்தது உள்ளங்கை ஒசரம், கால் ஒரு தாளத்துக்கே வராது. வெள்ளை விநாயகர் கோயிலுக்கு போறதுக்குள்ளயே சட்டை பிழிஞ்சா தண்ணி சொட்டற மாதிரி ஆயிருச்சு, பரோட்டா நெஞ்சுல நிக்குது. ரெண்டாவது மலையில கெண்டைக்கால் ரெண்டும் ஒரே நேரத்துல புடிச்சுக்கிச்சு. பசங்களை போகச் சொல்லிட்டு நான் படியில உக்காந்துட்டேன்.

அப்போ மேல கடைக்கு சோடா பாட்டில் மூட்டையை தலையில தூக்கிட்டு ஒருத்தர் வந்தாரு, என்னை விட வயசு ஜாஸ்தி இருக்கும், கால்ல செருப்பு கூட இல்ல. என்னைப் பார்த்துட்டு நிக்காமயே, "நேரா ஏறாதீங்ணா, குறுக்கால குறுக்கால ஏறுங்க, பேசிட்டே ஏறற வேகத்துல ஏறுங்க, பேச முடியலீன்னா நீங்க ஓடறீங்கன்னு அர்த்தம்"னு சொல்லிட்டு போயிட்டாரு. அப்புறம்தான் படிச்சேன், உடற்பயிற்சி சொல்லித் தர்றவங்களும் இதே பேச்சு அளவைத்தான் சொல்றாங்க. ஆனா அன்னிக்கு காலம் கடந்துருச்சு, தடிய ஊனி ஊனி எறங்கி வந்து கீழ மண்டபத்துல படுத்துட்டேன்.

எங்க தப்பு பண்ணுனேன்னு அந்த மண்டபத்துல படுத்துட்டுதான் யோசிச்சேன். 15 கிலோங்கறது நான் செய்யற வேலை இல்ல, அது தராசு சொல்ற பதில். இன்னிக்கு நான் என்ன செய்யணும்னு அதுல எங்கயும் இல்ல. எடை மிஷின்ல உப்பு கொஞ்சம் ஜாஸ்தி தின்னா கூட ஒரு கிலோ ஏறிக் காட்டும், ஒரு வாரம் ஒழுங்கா இருந்தாலும் அசையாது, மனுஷனுக்கு வெறுத்துப் போயிரும். அதுக்கு பதிலா ஏதாவது நானே எண்ணிக்கிற மாதிரி ஒன்னு வேணும்.

எனக்கு கிடைச்சது சென்னிமலை. வீட்டுல இருந்து பைக்ல அரை மணி நேரம் கூட ஆகாது. முருகன் கோயிலுக்கு 1320 படி, கந்த சஷ்டி கவசம் அரங்கேறுனது இங்கதான். மேல வரைக்கும் ரோடு இருக்கு, அத்தனை வருஷமா நான் ரோட்டுல போயிட்டு முருகனைப் பார்த்தாச்சுன்னு வந்தவன்தான். 2024 ஜூன் முதல் ஞாயிறு படியில ஏறுனேன். 14 தடவை நின்னேன். சும்மா மூச்சு வாங்க நின்னது எல்லாம் கணக்கு. வீட்டுக்கு வந்து அடுப்படி காலண்டர்ல அந்த தேதிக்கு மேல 14னு எழுதுனேன், அவ்வளவுதான் என் லட்சியம் எல்லாம், அடுத்த வாரம் அது 14க்கு கீழ வரணும். எடைய மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல பாக்கறதில்லைன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சத்தியம்.

காலைல நேரத்துல போனா, சாமி அபிஷேகத்துக்கு தண்ணி சுமந்துட்டு மாடு படியேறி வரும். அது ஏறறதைப் பார்க்கணும் நீங்க. அவசரமே கிடையாது. ஒரு கால் வெச்சு, அது நல்லா ஊனுன பிறகுதான் அடுத்த கால். நான் பின்னாலயே போய் அதே வேகத்துல ஏறிப் பார்த்தேன், அன்னிக்கு ஆறு தடவைதான் நின்னேன். 1984ல ஒரு மாட்டு வண்டியே இந்தப் படியில ஏறுச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க, நான் அதைப் பார்த்தது இல்ல, ஆனா நான் மாடு மாதிரி ஏறி நவம்பர்ல மூணு நிறுத்தத்துக்கு வந்துட்டேன்.

நடுவுல வார நாள்ல என்ன பண்ணுனேன்னா, ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்டை விட்டுட்டேன். பஸ்ல போற நாள் ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்தேன். பத்தாயிரம் அடி கணக்கெல்லாம் பாக்கல. அந்த நம்பரே 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடை எண்ற கருவிக்கு வெச்ச பேர்ல இருந்து வந்ததுதாங்க, மான்போகெய்னு பேரு, பத்தாயிரம் அடி அளவின்னு அர்த்தம். நடந்தா நல்லதுதான், 9000ல நின்னுட்டமேன்னு ராத்திரி வீட்டுக்குள்ளயே சுத்தறவங்களைப் பார்த்தா மட்டும் பாவமா இருக்கு.

சாப்பாட்டுல பெருசா எதுவும் புரட்சி பண்ணல. முதல்ல டீ. ரெகுலரா போற பேக்கரி மாஸ்டர்கிட்ட சக்கரை வேண்டாம்னு சொன்னா அவரு பழக்கத்துல போட்டுட்டே இருந்தாரு, நான் பைக் நிறுத்தறதுக்குள்ள டீ ரெடியா இருக்கும், அவ்வளவு அன்பு. ரெண்டு வாரம் முதல்ல பாதி சக்கரை, அப்புறம் கால், அப்புறம் இல்லாமயே. இப்போ சக்கரை டீ குடிச்சா பாயசம் மாதிரி இருக்கு. அஞ்சு டீ ரெண்டாச்சு. மத்தியானம் சோறு பாதி, மிச்சப் பாதிக்கு கொள்ளுப் பருப்போ பச்சைப்பயிறு கடைஞ்சதோ, கூட ஒரு பொரியல், ஒரு முட்டை. அரிசிம்பருப்பு சோறு மட்டும் விட முடியல, வியாழக்கிழமை ராத்திரி அதுதான், ரெண்டு கரண்டிக்கு மேல கேக்கறதில்ல. பரோட்டா மாசத்துக்கு ஒரு நாள், அன்னிக்கு மனசாட்சியெல்லாம் பாக்காம ஒழுங்கா உக்காந்து தின்னுருவேன். வெளியூர் போற நாளைக்கு பையில வறுத்த கடலையும் ரெண்டு வாழைப்பழமும் இருக்கும். பசி வந்த பிறகு பேக்கரி கண்ணாடிக்கு முன்னாடி நின்னா யாராலயும் முடியாது, நானும் மகான் இல்ல.

2025 மார்ச்ல மறுபடியும் வெள்ளியங்கிரி. போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போய் ஈசிஜியும் ட்ரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துட்டேன், இதை மட்டும் தயவு செஞ்சு யாரும் விடாதீங்க. அந்த மலையில நெஞ்சு வலி வந்து உயிர் போற செய்தி சீசனுக்கு சீசன் வருது. இதயக் கோளாறு, ஆஸ்துமா, பிரஷர் உள்ளவங்க ஏற வேண்டாம்னு வனத்துறையே சொல்றாங்க. மேல வண்டி வராது, ஏதாவது ஆச்சுன்னா டோலி கட்டித்தான் தூக்கிட்டு வரணும்.

இந்த தடவை சாயங்காலம் ஏழு மணிக்கே மூணு இட்லி, அவ்வளவுதான். அடிவாரத்துல பையைப் பிரிச்சு பிளாஸ்டிக் எல்லாம் எடுத்து வெச்சாங்க, மூங்கில் தடி ஒன்னு வாங்குனேன். பத்தரைக்கு ஆரம்பிச்சு மாட்டு வேகம், குறுக்கால குறுக்கால. போன வருஷம் உக்காந்த படியைத் தாண்டும்போது டார்ச் அடிச்சுப் பார்த்தேன், எல்லாப் படியும் ஒரே மாதிரி இருக்கு, எதுன்னு கண்டே பிடிக்க முடியல. கைதட்டி சுனையில தண்ணி குடிச்சோம். நாலு, அஞ்சாவது மலையில ஏத்தம் கம்மி, ஆனா மரம் இல்லாத எடத்துல காத்து அடிக்குது பாருங்க, வேர்த்த சட்டையோட நின்னா பல்லு தந்தியடிக்கும், ஸ்வெட்டரை இடுப்புல கட்டிட்டு போனது அங்கதான் உதவுச்சு. ஆறாவதுல ஆண்டி சுனையில அந்தக் குளிர்லயும் குளிக்கறாங்க, நான் மூஞ்சி கழுவுனேன், அதுக்கே தலைக்குள்ள விர்ருனு ஏறுச்சு. ஏழாவது கையும் காலும் சேர்த்து ஏறணும். மேல போகும்போது கிழக்க லேசா வெளுக்குது, பாறைக்கு நடுவுல லிங்கம், கூட்டம் தள்ளுது, அரை நிமிஷம்தான் நிக்க விட்டாங்க. வெளிய வந்து ஒரு பாறை மேல உக்காந்து அம்மாவுக்கு போன் போட்டா டவர் இல்ல.

ஏறறதுதான் கஷ்டம்னு நெனச்சுட்டு இருந்தேன், எறங்கறதுதாங்க கொன்னுருச்சு. எறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு பாரத்தை பிரேக் புடிக்கணும், அடுத்த ரெண்டு நாள் வலிக்கறதெல்லாம் அந்த வேலையாலதான். நான் சென்னிமலையில ஏறிட்டு பல வாரம் கூட வந்தவன் வண்டியில ரோட்டு வழியா எறங்கிட்டேன், அதோட பலன் தெரிஞ்சுது. நீங்க படியில பயிற்சி எடுத்தா எறங்கறதையும் படியிலயே எறங்குங்க. அடிவாரம் வரும்போது மணி பதினொன்னு, வெயில் ஏறிருச்சு, முட்டி ரெண்டும் நடுங்குது, மோர் விக்கற அம்மா நான் கேக்காமயே ரெண்டு டம்ளர் ஊத்திட்டாங்க.

எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேப்பீங்க. அப்போ 79. டைரிக் கணக்குப்படி தோல்விதான். ஹெச்பிஏ1சி 5.8, இன்னும் பார்டர்லதான் இருக்கேன், டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு என்ன பண்ணுனீங்கன்னு கேட்டாரு. மாட்டுக்குப் பின்னாடி போனேன்னு சொன்னேன், சிரிச்சாரு.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கோவம் பாக்கி இருக்கு. வெள்ளியங்கிரியில சின்னக் குழந்தைங்க, வயசான அம்மாக்களைத் தவிர பொம்பளைங்க ஏறற வழக்கம் இல்ல, "ஏனுங்க, பயறு கடையறதுக்கு நானு, மலைக்கு நீங்களா"ன்னு கேட்டாங்க, பதில் இல்ல என்கிட்ட. சரி, வேற மலைக்கு ரெண்டு பேரும் போலாம்னா, 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத் தீயில மாட்டி செத்ததுக்கு அப்புறம் நெனச்ச காட்டுக்குள்ள நெனச்ச மாதிரி போக முடியாது, போகவும் கூடாது. அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆரம்பிச்சிருக்காங்க, ஆன்லைன்ல பணம் கட்டுனா உள்ளூர் ஆளுங்களே வழிகாட்டியா வருவாங்க. அதுல ஊட்டி கேர்ன் ஹில் சுலபமான பாதைன்னு போட்டிருக்கு, அதுக்குத்தான் ரெண்டு பேரும் பிளான். இப்போ ஞாயித்துக்கிழமை படியேற அவங்களும் வர்றாங்க, முதல் நாளே எட்டு தடவைதான் நின்னாங்க, காலண்டர்ல என்னோட 14க்கு பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, வேணும்னே.

ஆங், ஷூ. எறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிச்சு என் கட்டை விரல் நகம் ரெண்டும் கருத்துப் போய் விழுந்துருச்சு, இன்னும் முழுசா வளரல. நகத்தை ஒட்ட வெட்டிட்டு, அரை சைஸ் பெருசா வாங்குங்க.