புஸ்வாணம் ஏன் வெடிக்கிறது? தீபாவளிப் பட்டாசு: கேள்வி-பதில்

கேள்வி: போன வருஷம் புஸ்வாணம் பொங்காமல் பட்டென்று வெடித்து, அண்ணன் மகனுக்குக் கை வெந்துவிட்டது. புஸ்வாணம்கூட வெடிக்குமா?

பதில்: வெடிக்கும். அணுகுண்டு என்றால் பத்தடி ஓடுகிறவர்கள்கூட புஸ்வாணத்தின் மேல் குனிந்து நிற்கிறார்கள். அதனால்தான் அது கையையும் முகத்தையும் பதம் பார்க்கிறது. கூம்புக்குள் மருந்தை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தால் பூவாகப் பொங்கும். பெட்டி கீழே விழுந்தோ, ஈரம் ஏறிக் காய்ந்தோ மருந்தில் விரிசல் விட்டிருந்தால் நெருப்பு அந்த விரிசலுக்குள் இறங்கிவிடும். நிறைய மருந்து ஒரே சமயத்தில் பற்றும். அவ்வளவு வாயுவும் அந்தச் சின்னத் துளை வழியாக வெளியேற முடியாமல் கூம்பு பிளக்கும்.

உள்ளே விரிசல் இருப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு புஸ்வாணத்தையும் வெடிக்கக்கூடியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். சமதளமான தரையில் வையுங்கள். பக்கவாட்டில் நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, கையை முழுக்க நீட்டி, நீளமான ஊதுபத்தியால் பற்றவையுங்கள். தலை கூம்புக்கு நேர் மேலே போகக் கூடாது. பொறி கிளம்பியதும் ஐந்து மீட்டராவது விலகிவிடுங்கள். நசுங்கியது, அடி பிய்ந்தது எதையும் கொளுத்தவே வேண்டாம்.

கேள்வி: திரி பாதியில் அணைந்துவிட்டால் எவ்வளவு நேரம் கழித்துக் கிட்டே போகலாம்?

பதில்: இருபது நிமிடம். அதுவும் திரும்பப் பற்றவைக்க அல்ல, தண்ணீர் ஊற்ற. அணைந்த மாதிரி தெரியும் திரியின் காகிதத்துக்குள் கனல் ஊர்ந்துகொண்டிருக்கலாம்; குனிந்து ஊதிப் பார்க்கும் நேரத்தில் அது மருந்தைத் தொட்டுவிடும். எட்ட நின்று தண்ணீர் ஊற்றி, அதை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

மறுநாள் காலையில் பையன்கள் தெருவில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டியது இது. உதிரி மருந்துக்குத் திரி கிடையாது. தீக்குச்சி பட்ட கணமே மொத்தமும் பற்றும், கையை இழுக்க நேரமிருக்காது.

கேள்வி: நமுத்துப்போன பட்டாசை மொட்டைமாடி வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஈரம் பட்ட மருந்து காய்ந்தாலும் பழையபடி ஆகாது. கட்டி தட்டும், விரிசல் விடும். மேலே சொன்ன புஸ்வாணத்தின் கதைதான். நனைந்ததை ஊறப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தை கையில் கம்பி மத்தாப்பு தரலாமா?

பதில்: கூடாது. அந்தப் பொறி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் கொளுத்துவதும் ஆபத்து. பொறி முகத்துக்கு அருகில் வந்துவிடும், குழந்தை கையை நீட்டும். தள்ளி நின்று பார்க்கட்டும். எரிந்து முடிந்த கம்பி கறுப்பாகிவிடும், சூடு மட்டும் தணியாது. இருட்டில் வெறுங்காலோடு மிதிப்பது அதைத்தான். ஒவ்வொன்றையும் முடிந்த உடனே தண்ணீர் வாளியில் போடுங்கள். காலில் செருப்பைவிட ஷூ நல்லது; நைலான் பாவாடை வேண்டாம், பருத்தி உடை போதும்.

கேள்வி: ராக்கெட் பாட்டிலோடு சாய்ந்து பக்கத்து வீட்டுக்குள் போகிறதே?

பதில்: வாளி நிறைய மணல் எடுத்து, பாட்டிலைக் கழுத்து வரை அதில் புதையுங்கள், சாயாது. குச்சி பாட்டிலுக்குள் தடையில்லாமல் அசைய வேண்டும். குச்சியை ஒடித்துக் குட்டையாக்காதீர்கள், திசையைப் பிடித்து வைப்பதே அதுதான். கூரை வீடோ வைக்கோல்போரோ பக்கத்தில் இருந்தால் ராக்கெட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சரவெடி வெடிக்கலாமா? நேரம் என்ன?

பதில்: சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. மருத்துவமனை, பள்ளி இருக்கும் இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது.

கேள்வி: தீப்புண்ணுக்கு டூத்பேஸ்ட், இங்க், மாவு, எது நல்லது?

பதில்: மூன்றும் கெடுதல். சூட்டை உள்ளேயே அடைக்கும், மருத்துவர் புண்ணைப் பார்க்கவும் விடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு, அல்லது குழந்தைக்கு எங்கே பட்டிருந்தாலும் மருத்துவமனைதான், 108-ஐ அழையுங்கள்.

கண்ணில் வெடி தெறித்துக் காயம் பட்டிருந்தால் கசக்கவோ, அழுத்தவோ, எதையும் பிடுங்கவோ கூடாது. சொட்டு மருந்தும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து, விளிம்பைப் பிளாஸ்திரியால் ஒட்டி, நேரே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.