பழைய மேடை விளக்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

மேடை வெளிச்சம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினைந்து பேர் சேர்ந்து நாடக மன்றம் நடத்துகிறோம். இதுவரை வாடகை லைட்தான். இப்போது பக்கத்து டவுனில் ஒலி-ஒளிக் கடை ஒன்றை மூடுகிறார்கள். 1000 வாட் பார் கேன் 8, 1000 வாட் ஃப்ரெனல் ஸ்பாட் 4, ஷார்ப்பி 2, எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் சொல்கிறார்கள். "எல்லாம் எரியுது, வந்து பாருங்க" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? எதை வைத்து விலை பேசுவது?
– நாடக மன்றச் செயலாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்த "எல்லாம் எரியுது" என்ற பேச்சை நம்பித்தான் 1991-ல் நான் என் முதல் ஆறு ஸ்பாட்டுகளை வாங்கினேன். கடை வாசலில், உச்சி வெயிலில், வரிசையாக எரிய வைத்துக் காட்டினார்கள். ஆறும் எரிந்தன. திருவிழா நாடகத்தின் இரண்டாம் நாள் இரவு இரண்டு பல்பு போயிற்று. மறுநாள் காலை பஸ் பிடித்துச் சென்னை போய், பாரிமுனையிலும் ரிச்சி தெருவிலும் கடை கடையாக அந்த பல்பின் அடிப்பகுதியைக் காட்டிக் கேட்டேன். அப்படி ஓர் அடிப்பகுதி உள்ள பல்பு வருவதே நின்றுவிட்டது என்றார்கள். மிச்சம் நான்கும் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஆறு லைட்டும் காயலாங்கடையில் அலுமினிய எடைக்குப் போயின.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "எரியுதா?" என்பதல்ல, "இதுக்கு பல்பு எங்க வாங்குறீங்க?" என்பது. கடைக்காரர் டக்கென்று ஒரு கடையின் பெயரைச் சொன்னால் அந்தக் கடைக்கு நீங்களே போன் செய்து விலை கேளுங்கள். இழுத்தால், அந்த லைட்டுக்கு இரும்பு விலைதான். பல்பு கிடைக்காத ஸ்பாட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மேடைக்கு உதவாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மொத்த விலை பேசாதீர்கள். மூன்று சாமானும் மூன்று ஜாதி.

பார் கேனைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். 1000 வாட் பார் கேனில் போடுகிற பல்பின் பெயர் பார் 64. அதில் 64 என்றால் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து 64 பங்கு, அதாவது 8 அங்குல அகலம். அந்த எட்டு அங்குல பல்புக்குள்ளேயே லென்ஸும் இருக்கிறது, பின்னால் ஒளியைத் திருப்புகிற கண்ணாடியும் இருக்கிறது. வெளியே இருப்பது வெறும் தகர டப்பா. டப்பா நசுங்கியிருக்கலாம், பெயிண்ட் உரிந்திருக்கலாம், பத்துக் கல்யாணத்தின் ஜரிகைத் தூள் உள்ளே கிடக்கலாம். புது பல்பு போட்ட அன்றைக்கு அது புது லைட்.

டப்பாவில் பார்க்க வேண்டியது ஒரே இடம்: பின்பக்கத்துப் பீங்கான் சாக்கெட். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து அந்த இரண்டு துளைகளுக்குள் பாருங்கள். உள்ளே உலோகம் மினுங்கினால் நல்லது. கருகிக் குழி விழுந்திருந்தால் அங்கே தீப்பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் மாட்டுகிற ஒவ்வொரு புது பல்பின் காலையும் அந்தச் சாக்கெட் கருக்கித் தின்னும். சாக்கெட்டும் வயரும் மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள். என் கணக்கு இது: ஒரு காலி பார் கேனுக்கு, ஒரு புது பல்பின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

பல்பின் மேல் அச்சடித்த எழுத்தையும் படியுங்கள். சிபி 60 என்றால் வெளிச்சம் ரொம்பக் குறுகல், 61 குறுகல், 62 கொஞ்சம் விரிவு. உங்களைப் போன்ற சின்ன மேடைக்கு 62தான் தோது. வோல்டேஜும் முக்கியம். 120 வோல்ட் பல்பை இரண்டிரண்டாகச் சேர்த்து வயரிங் செய்கிற பழக்கம் உண்டு. அது தெரியாமல் ஒன்றைத் தனியாக நம் 230 வோல்ட்டில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும்.

ஃப்ரெனல்தான் நீங்கள் நிஜமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய சாமான். படிப்படியாக வட்டம் செதுக்கிய அந்த லென்ஸ், பிரான்சில் ஃப்ரெனல் என்பவர் கலங்கரை விளக்கத்துக்காக இருநூறு வருஷத்துக்கு முன் உருவாக்கியது. லென்ஸின் கனத்தைக் குறைக்கவும், கப்பலுக்கு வெகுதூரம் தெரியவும் செய்த உபாயம், இன்றைக்கு நடிகர் முகத்தில் விளிம்பு தெரியாத மெத்தென்ற வெளிச்சமாக விழுகிறது. முகத்துக்கு இதைவிட நல்ல லைட்டை நான் பார்த்ததில்லை.

லைட் ஆறியிருக்கும்போது முன்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கருகின தூசியின் வாசனை வரும், அது பரவாயில்லை. லென்ஸைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். முடி போல ஒரு கோடு ஓரத்திலிருந்து உள்ளே ஓடினால் அது விரிசல். சூட்டில் ஒருநாள் மேடையிலேயே விழும், அந்த லைட்டை எடுக்காதீர்கள். அழுக்குப் படலம் என்றால் சோப்புத் தண்ணீரில் போய்விடும். அடுத்து உள்ளே இருக்கிற கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர். சுத்தமான பனியனால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் உங்கள் முகம் தெரிகிறதா? தெரிந்தால் உயிர் இருக்கிறது. நீலமும் கருப்புமாகத் திட்டு விழுந்து, துடைத்தும் மங்கலாகவே நின்றால் வெளிச்சத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பிறகு, வெளிச்ச வட்டத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பல்பை முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகு. துருவேறி நின்றுவிட்டால் அது ஸ்பாட் இல்லை, குண்டு பல்பு.

உள்ளே இருக்கிற பழைய பல்புக்கு விலை வைத்தால், அதன் கண்ணாடியில் அம்மைத் தழும்பு போல் கொப்பளம் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ வெறும் கையால் தொட்டிருக்கிறார்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டு அப்படி உப்பும். அந்த பல்பு உங்களுக்கு எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சும்மா தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ், ரிஃப்ளெக்டர், திருகு மூன்றும் சரி என்றால் புது லைட் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை தாராளமாகக் கொடுக்கலாம்.

ஷார்ப்பி இரண்டையும் விட்டுவிடுங்கள். கிளே பாக்கி என்ற இத்தாலியக் கம்பெனி 2010-ல் கொண்டுவந்த ஒரு மாடலின் பெயர் அது. இன்று கல்யாண மண்டபத்தில் சுற்றுகிற பீம் லைட் எல்லாவற்றுக்கும் அதே பெயராகிவிட்டது. ஊசி போன்ற வெளிச்சம், ஓயாத ஃபேன் சத்தம். மேடையில் ஒரு தாய் மகனைப் பார்த்து மெதுவாகப் பேசுகிற காட்சியில் அந்த இரைச்சலை என்ன செய்வீர்கள்? லைட்டின் மெனுவில் தெரிகிற, பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற கணக்கையும் நம்ப முடியாது, யார் வேண்டுமானாலும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடலாம். நாடகம் மட்டும் போடுகிற உங்களுக்கு 65,000-ல் பெரிய பங்கு இதற்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

கையோடு ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள். ஒவ்வொரு லைட்டிலும் எர்த் பின்னிலிருந்து உடம்புத் தகடு வரை தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைக்கட்டும். எர்த் அறுந்த ஒரு லைட்டைக் கம்பத்தின் மேல் ஏறித் தொட்ட பையன் கீழே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்தான். இன்னொன்று: 12 லைட்டும் சேர்ந்து எரிந்தால் 12,000 வாட், 52 ஆம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸ் உள்ள மண்டபத்தில் ஃபேஸுக்கு நான்காகப் பிரித்தால் தாங்கும். சிங்கிள் ஃபேஸ் பள்ளிக்கூடத்தில் தாங்காது.

கேள்வி: எங்கள் சபாவின் சாமான் அறையில் "ஸ்ட்ராண்ட், பேட் 23" என்று பெயர் போட்ட சின்ன ஸ்பாட் இரண்டு கிடைத்தன. ஒருவர் ஜோடி 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– சபா உறுப்பினர், சென்னை

பதில்: கொடுக்காதீர்கள். லண்டன் ஸ்ட்ராண்ட் எலக்ட்ரிக் 1953-ல் கொண்டுவந்த 500 வாட் ஸ்பாட் அது. அலுமினியத்தை அச்சில் வார்த்து மலிவாகச் செய்ததால் பிரிட்டனில் பள்ளி மேடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கேட்கிறவர் அதை முக்காலியில் ஏற்றி வீட்டு வரவேற்பறை விளக்காக்கி விற்பார், அங்கே அதன் மதிப்பே வேறு. மேடையில் எரிக்கவும் வேண்டாம். அந்தக் கால லைட்டுகளின் உள்வயரில் வெள்ளைத் துணி உறை போல் தெரிவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாமல், ஊதாமல், பையில் கட்டி வையுங்கள். சபாவில் கண்ணாடி அலமாரி இருந்தால் அதன் இடம் அதுதான்.

கேள்வி: பழைய எல்இடி பார் லைட் பத்து மலிவாக வருகிறது. இதில் பல்பு கவலை இல்லையே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
– கல்லூரி நாடகக் குழு மாணவி, மதுரை

பதில்: கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள், அதுவும் இருட்டில். பத்தையும் வெள்ளைச் சுவர் முன் வரிசையாக வைத்து முதலில் சிவப்பு மட்டும், பிறகு பச்சை, நீலம் என்று முழுசாக ஏற்றுங்கள். எந்த லைட்டில் எத்தனை புள்ளி செத்திருக்கிறது என்று எண்ணிக் குறியுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெள்ளையில் வையுங்கள். ஒன்று பால் வெள்ளை, ஒன்று பச்சை கலந்தது, ஒன்று ரோஸ் என்று நின்றால் அவை ஒரே மேடையில் முகத்துக்கு ஆகாது. கடைசியாக மெல்ல மெல்ல இறக்குங்கள். ஹாலோஜன் அணையும்போது நெய்விளக்கு நிறத்துக்குப் போய்க் கரையும். எல்இடியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் அடியில் குதித்து அணையாமல் இருக்க வேண்டும். பத்தில் ஆறு தேறினால் அந்த ஆறுக்கு மட்டும் விலை பேசுங்கள். மீதி நான்கும் பின்திரையில் நிறம் அடிக்க உதவும் என்று தோன்றினால் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.