கூட்டு மருந்து மையம் ஏன் உங்களைத் தேடுகிறது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், பெங்களூரில் கட்டட வேலை செய்கிறேன். எச்.ஐ.வி.க்காகத் தருமபுரியில் ஐந்து ஆண்டுகளாகக் கூட்டு மருந்து வாங்கி வந்தேன். வேலை நெருக்கடியால் இரண்டு மாதங்களாகப் போகவில்லை. உடம்பு நன்றாகவே இருக்கிறது. மையத்திலிருந்து அடிக்கடி தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஏன் இப்படிக் கண்காணிக்கிறார்கள்? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: இந்த வாரமே மையத்துக்குச் செல்லுங்கள், மற்றவற்றை அதன் பிறகு யோசிக்கலாம். உங்கள் உடம்பு நன்றாக இருப்பது இத்தனை ஆண்டுகள் விடாமல் சாப்பிட்ட மருந்தின் பலன். அம்மருந்து வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கிறதே தவிர, சில அணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸை அழிப்பதில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலோருக்கு அது மீண்டும் இரத்தத்தில் பெருகத் தொடங்குகிறது, உடம்போ அதை வெகுநாள் வரை காட்டிக்கொடுப்பதில்லை. சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைப் பார்த்து மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடம், தொடர்ந்து உட்கொண்டவர்களைவிட நோயும் மரணமும் கூடுதலாக இருந்ததை 2006-இல் வெளியான ஸ்மார்ட் என்னும் பன்னாட்டு ஆய்வு காட்டியது.

நீங்கள் வராதபோது, வேறு மையத்தில் மருந்து வாங்குகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா, உயிரோடுதான் இருக்கிறீர்களா என்பதை மையத்தின் பதிவேட்டைக் கொண்டு அறிய முடியாது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மையத்தின் கணக்கும் நன்றாகவே தோன்றும், ஏனெனில் வைரஸ் அளவுப் பரிசோதனையும் வந்தவர்களுக்குத்தானே செய்யப்படுகிறது. எத்தனை பேருக்கு மருந்து தொடங்கினார்கள் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டிலும் மருந்தில் நீடிக்கிறார்கள் என்பதே ஒரு மையத்தின் தரத்தைச் சொல்லும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறித்த நாளிலிருந்து 28 நாட்கள் கடந்தும் வராதவரைச் சிகிச்சையில் இடைவெளி விழுந்தவராகக் கருதித் தேடுவது இன்று பல நாடுகளில் உள்ள நடைமுறை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் செல்வோர் பலர். மையத்தில் கடிதம் பெற்றுச் சிகிச்சையைப் பெங்களூருக்கே மாற்றிக்கொள்ளலாம். அங்கும் அரசு மையங்களில் மருந்து இலவசமே. சொல்லாமல் மாறுவதுதான் உங்களைத் தொலைந்தவராக்கிவிடும்.

உங்கள் அச்சம் நியாயமானது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, சட்டம் குறிப்பிடும் சில சூழல்களைத் தவிர, உங்கள் ஒப்புதலின்றி உங்கள் நிலையை எவரும் வெளியிடக் கூடாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வீட்டுக்கு ஆள் வரலாமா என்பதை ஆலோசகரிடம் நீங்களே தெளிவாகச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். திட்டுவார்களோ என்று தயங்கி மேலும் நாள் கடத்துவோரை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இருமல், காய்ச்சல், எடைக்குறைவு ஏதேனும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோயைச் சோதிக்க வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் உங்களுக்கு அது உண்டா என்பதையும் கேட்டறியுங்கள். மருந்தை மீண்டும் தொடங்கி, வைரஸ் அளவு கட்டுக்குள் வந்ததைப் பரிசோதனை உறுதிசெய்யும் வரை ஆணுறை கட்டாயம். வழி விசாரிக்க 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.